கடன் அட்டையும் ஜமாஅத் கடிதமும்

 

வெளியூரில் மாப்பிள்ளை பார்த்து முடித்தால், நிக்காஹ் பதிவுக்கு முன்னர் அந்த மஹல்லா ஜமாஅத்திலிருந்து ஒரு கடிதம் வந்து சேர வேண்டும் என்பது நம் குடும்பங்கள் யாவும் அறிந்த வழக்கம். இன்னாருடைய மகன் இன்னார் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர், இவரை நாங்கள் அறிவோம் என்று நிர்வாகிகள் கையொப்பமிட்டு முத்திரை குத்தி அனுப்பும் நான்கு வரிக் கடிதம் அது. அக்கடிதம் வராவிடில், எத்தனை பெரிய வீட்டுப் பிள்ளையானாலும் பதிவேட்டைத் திறக்கமாட்டார்கள். என் தங்கை மகளும் அவள் கணவரும் அமெரிக்காவில் தங்கள் முதல் வாடகை வீட்டைத் தேடி அலைந்த கதையைக் கேட்டபோது, எனக்கு அந்தக் கடிதமே நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளை கணிப்பொறிப் பொறியாளர். 2023ஆம் ஆண்டு டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரை ஒட்டிய ரிச்சர்ட்ஸன் என்னும் ஊருக்குப் பணி மாற்றலாகிச் சென்றார். நல்ல சம்பளம். பள்ளிவாசலுக்கு அருகிலேயே வீடு வேண்டும் என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் விண்ணப்பித்தார்கள். பாஸ்போர்ட், நியமன உத்தரவு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் மேசைமீது பரப்பினார்கள். அங்கிருந்த பெண்மணி கணிப்பொறியில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களைப் பற்றி இங்கே ஒன்றுமே இல்லையே" என்றாராம். கெட்டதாகவும் ஒன்றுமில்லை, நல்லதாகவும் ஒன்றுமில்லை. ஆகவே, வழக்கமான முன்பணத்துக்கு மேல் இன்னும் இரண்டு மாத வாடகையைக் கட்டினால்தான் சாவி கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். மின்சாரக் கம்பெனியும் தனியே ஒரு வைப்புத்தொகை கேட்டது. தவணையில் கைபேசி இணைப்புக் கொடுக்க மறுத்து, முன்கூட்டியே பணம் கட்டும் இணைப்பைக் கையில் கொடுத்தார்கள்.

"ஊரில் இருந்தவரைக்கும் யாரிடமும் ஒரு பைசா கடன் வைத்ததில்லை மாமா. அதுவே இங்கே ஒரு குறையாகப் போய்விட்டது" என்று தொலைபேசியில் தங்கை மகள் வருந்தினாள். அந்த வருத்தத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கடன் வாங்காதவனே கண்ணியவான் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள், கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவனே நம்பத்தக்கவன் என்று கருதும் நாட்டில் போய் இறங்குகிறார்கள். நம் இல்லங்களிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் படிக்கவும் பணியாற்றவும் அந்நாட்டுக்குச் சென்றுகொண்டிருப்பதால், இந்த மாதம் இந்தக் கடன் அட்டை விஷயத்தைச் சற்று விரிவாகவே உங்களோடு பேசிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று பெரிய தனியார் நிறுவனங்கள் உள்ளன. யார் எந்த வங்கியில் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார், தவணையை நாள் தவறாமல் கட்டுகிறாரா என்ற விவரங்களை வங்கிகளிடமிருந்து மாதந்தோறும் பெற்றுத் தொகுத்து வைப்பதே அவற்றின் தொழில். அந்தத் தொகுப்பைக் 'கிரெடிட் ரிப்போர்ட்' என்பர். அதைப் படித்து ஓர் எண்ணாகச் சுருக்கித் தரும் முறையை 1956இல் தொடங்கப்பட்ட ஃபேர் ஐசக் என்னும் நிறுவனம் 1989ஆம் ஆண்டு பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 'ஃபைக்கோ' என்று வழங்கும் அந்த எண் 300இல் தொடங்கி 850 வரை செல்லும். வீட்டுக்காரரும் வங்கியும் அதைப் பார்க்கிறார்கள். டெக்ஸாஸ் உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் கார் காப்பீட்டுக் கட்டணத்தை முடிவுசெய்யும்போதும் இந்த வரலாற்றைக் கணக்கில் கொள்கிறார்கள்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அந்த எண்ணைக் கணக்கிடும்போது ஒருவருடைய இனம், மதம், பிறந்த நாடு, ஆணா பெண்ணா என்ற எதுவும் பார்க்கப்படுவதில்லை. அவருடைய சம்பளம்கூடக் கணக்கில் வருவதில்லை. கட்டவேண்டியதைக் காலத்தில் கட்டினாரா என்பதற்கு 35 சதவீதம், தமக்கு அளிக்கப்பட்ட வரம்பில் எவ்வளவு கடனாக வைத்திருக்கிறார் என்பதற்கு 30 சதவீதம், எத்தனை காலமாகக் கணக்கு வைத்திருக்கிறார் என்பதற்கு 15 சதவீதம், எஞ்சிய 20 சதவீதம் புதிதாகக் கேட்ட கடன்களுக்கும் கடனின் வகைகளுக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்து முடிவுசெய்யாத ஓர் ஏற்பாடு என்ற வகையில் அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், வாழ்நாளெல்லாம் கையிலிருந்த காசைக் கொடுத்தே பொருள் வாங்கிய நாணயமான ஏழை ஒருவன் அந்த ஏட்டில் ஆளே இல்லாதவனாகிவிடுகிறான். அதை நீதி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இந்தியாவில் நீங்கள் கட்டி முடித்த கடன்களின் வரலாறு அந்த மூன்று நிறுவனங்களின் ஏட்டில் தானாகப் போய்ச் சேர்வதில்லை. 2019ஆம் ஆண்டு முதல் ஓரிரு அட்டை நிறுவனங்கள் சில நாட்டினருடைய தாயக வரலாற்றைக் கேட்டுப் பெற்றுப் பரிசீலிக்கத் தொடங்கியிருப்பினும், பெரும்பாலோர் வெற்றுத்தாளிலிருந்தே தொடங்க வேண்டியவராயிருக்கின்றனர். வங்கிக் கணக்கோடு கிடைக்கும் டெபிட் அட்டையை எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தினாலும் ஏட்டில் ஒரு வரியும் ஏறாது. அது உங்கள் பணத்தை நீங்களே எடுப்பது. அதில் கடன் என்பதே இல்லை.

ஆக, ஏட்டில் முதல் வரி எழுதப்படுவதற்குக் கடன் அட்டை என்ற கிரெடிட் கார்டு எளிய வழியாகிறது. இங்கேதான் நமக்கு மட்டும் உரிய கேள்வி எழுகிறது. தங்கை மகளும் அதைத்தான் கேட்டாள். "இதை வாங்குவது மார்க்கத்தில் கூடுமா மாமா?"

நான் ஆலிம் அல்லன். ஃபத்வா கொடுக்கும் தகுதியும் எனக்கில்லை. எனினும், அறிஞர்கள் கூறியுள்ளவற்றை உள்ளது உள்ளபடி எடுத்துரைப்பது என் கடமை. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாத் நகரில் கூடியபோது இதை ஆராய்ந்தது. பிந்தினால் வட்டி கட்டவேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்குமானால், கணக்கில் பணம் இல்லாமல் கடனாகப் பயன்படுத்தப்படும் அத்தகைய அட்டையை வழங்குவதும் பயன்படுத்துவதும் கூடாது என்றும், குறித்த தவணைக்குள் கட்டிவிடுவோம் என்ற எண்ணம் இருந்தாலும் கூடாது என்றும் அது தீர்மானித்தது. வட்டி தரச் சம்மதித்துக் கையெழுத்திடுவதே குற்றம் என்பது அவர்களுடைய பார்வை.

வேறு பல அறிஞர்கள், குறிப்பாக முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளின் நிலையை அறிந்தோர், தேவை இருந்து, ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் தவணைக்குள் செலுத்திவிடும் உறுதியும் அதற்கான வசதியும் உள்ளவருக்கு அதை அனுமதிக்கின்றனர். வட்டி ஏறக் காரணமாகும்படி பயன்படுத்துவது ஹராம் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

முதற்கருத்தைப் பின்பற்றும் குடும்பங்கள் அங்கே இல்லாமலில்லை. பெரிய குடியிருப்புக் கம்பெனிகளை விடுத்துத் தனிநபர் வீடுகளைத் தேடி, சம்பளச் சான்றையும் வங்கிக் கணக்கையும் காட்டி, கூடுதல் முன்பணம் கட்டி வாழ்கிறார்கள். டெபிட் அட்டை அவர்களுக்குப் போதுமானதாயிருக்கிறது. செலவும் அலைச்சலும் சற்று அதிகம். அவர்களை ஏளனம் செய்யும் இளைஞர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்த ஏளனம் எனக்குச் சிறிதும் பிடிப்பதில்லை. என் தங்கை மகளும் மாப்பிள்ளையும் தங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கலந்து பேசி இரண்டாவது கருத்தின்படி நடக்க முடிவுசெய்தார்கள். இனி நான் சொல்லப்போவது அவ்வழியில் செல்வோருக்கு.

முதல் விண்ணப்பம் பெரும்பாலும் மறுக்கப்படும். மாப்பிள்ளைக்கும் அப்படியே நேர்ந்தது. மறுத்தால் அதன் காரணத்தை அறிந்துகொள்ளும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் விண்ணப்பதாரருக்கு வழங்கியுள்ளது. முடிவை 30 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். 'போதிய கடன் வரலாறு இல்லை' என்று அவருக்குக் கடிதம் வந்தது. வரலாறு இல்லாததால் அட்டை இல்லை, அட்டை இல்லாததால் வரலாறு இல்லை! பலர் இந்தக் கட்டத்தில் பதற்றமடைந்து ஐந்தாறு வங்கிகளுக்கு அடுத்தடுத்து விண்ணப்பிக்கிறார்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகி இரண்டு ஆண்டுகள் அங்கே நிற்கும். எண்ணும் சற்றுக் குறையும். ஆகவே பொறுமை தேவை.

புதிதாக வந்தோருக்கென்றே ஒரு வழி இருக்கிறது. 'செக்யூர்டு கார்டு' என்பர். 200 டாலரோ 500 டாலரோ வங்கியிடம் வைப்புத்தொகையாகக் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் அதுவே அட்டையின் வரம்பாகிறது. கட்டத் தவறினால் வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒழுங்காகக் கட்டிவந்தால், வங்கியின் விதிப்படி சில மாதங்களிலோ ஓராண்டிலோ வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுத்துச் சாதாரண அட்டையாக மாற்றித் தருவார்கள். வைப்புத்தொகை கொடுத்திருப்பதால் இது டெபிட் அட்டை என்று எண்ணிவிடவேண்டாம். வாங்கும் பொருளுக்கு மாதந்தோறும் பில் வரும். பிந்தினால் வட்டியும் வரும். வாங்குவதற்கு முன்பு, மூன்று நிறுவனங்களுக்கும் அவ்வங்கி தகவல் அனுப்புகிறதா, ஆண்டுக் கட்டணம் உண்டா என்ற இரண்டையும் கேட்டறிவது அவசியம்.

மாப்பிள்ளை 500 டாலர் கட்டி அத்தகைய அட்டை ஒன்றைப் பெற்றார். மாதம் நூறு, நூற்றைம்பது டாலருக்கு மளிகையும் பெட்ரோலும் மட்டும் அதில் வாங்கினார்கள். வரம்பில் 30 சதவீதத்துக்குக் கீழே நிற்பது நல்லது என்று அங்குள்ளோர் அறிவுரை கூறுவர். நம்மூர் மளிகைக் கடையின் பற்று நோட்டைப் போன்றதே இது. மாதம் முழுதும் எழுதிக்கொண்டு, சம்பளம் வந்ததும் தீர்த்துவிடுவது. ஆனால், ஒரு பெரிய வேற்றுமை. மளிகைக் கடை பாய், ஒரு மாதம் கொடுக்க முடியாமற்போனால் முகத்தைச் சுளிப்பார். அதற்கு வட்டி போடமாட்டார்.

பில்லைப் படிக்கத் தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மாதக் கணக்கு முடிந்து பில் அனுப்பியபின், பணம் கட்டக் குறைந்தது 21 நாட்கள் அவகாசம் தரப்படவேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அந்தக் கெடுவுக்குள் முழுத் தொகையைக் கட்டுவோருக்குப் பொருள் வாங்கியதன்மீது வட்டி விழாமல் பார்த்துக்கொள்ளும் சலுகையைப் பெரும்பாலான அட்டைகள் தருகின்றன. பில்லில் இரண்டு தொகைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று அம்மாதத்து முழு நிலுவை. மற்றொன்று 'குறைந்தபட்சத் தொகை'. அந்த இரண்டாவது தொகை பார்வைக்கு எவ்வளவு சாதுவாகத் தோன்றுகிறதோ, அவ்வளவு ஆபத்தானது.

எங்கள் வீட்டிலேயே அது நிகழ்ந்தது. முதல் அட்டையை ஓராண்டு ஒழுங்காக நடத்திய பின் 3,000 டாலர் வரம்புள்ள இரண்டாவது அட்டை கிடைத்தது. மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் செல்லும்படி மாப்பிள்ளை ஏற்பாடு செய்தார். அந்தப் படிவத்தில் எந்தத் தொகை செல்லவேண்டும் என்ற இடத்தில் குறைந்தபட்சத் தொகையே முன்கூட்டிக் குறிக்கப்பட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அம்மாதம் குழந்தைக்குத் தொட்டிலும் கட்டிலும் சுமார் ஆயிரம் டாலருக்கு வாங்கியிருந்தார்கள். 35 டாலர் மட்டும் சென்றது. அடுத்த பில்லில் 'வட்டி' என்ற தலைப்பில் இருபது டாலருக்கு மேல் ஒரு தொகை!

"அந்தக் கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்துகிறது மாமா" என்றாள் தங்கை மகள். இருவரும் அன்றே முழுத் தொகையையும் கட்டித் தீர்த்தார்கள். அதற்கு அடுத்த மாதமும் மூன்று டாலர் சொச்சம் வட்டி வந்தது. பில் தயாரான நாளுக்கும் இவர்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டியாம் அது. ஒரு முறை நிலுவை வைத்துவிட்டால் சலுகைக்காலம் போய்விடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும் என்பதை அவர்கள் அப்போதுதான் அறிந்தார்கள்.

கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2023ஆம் ஆண்டிலிருந்து அங்கே கடன் அட்டை வட்டி சராசரியாக ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. 24 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் டாலர் நிலுவைக்கு மாதம் ஏறக்குறைய 20 டாலர் வட்டி. 30 டாலர் கட்டினால், அசலில் குறைவது பத்தே டாலர். இந்த வேகத்தில் தொட்டிலில் கிடந்த குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் தொட்டிலுக்கான கடன் தீரும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதைப் பில்லிலேயே அச்சிட வேண்டும் என்று அதே 2009ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டுள்ளது. அச்சிடத்தான் செய்கிறார்கள். படிப்போர் எத்தனை பேர்?

முழுத்தொகையையும் கட்டிவிடுவோரால் வங்கிக்கு என்ன இலாபம் என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரரிடமிருந்து சுமார் இரண்டு மூன்று சதவீதம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனாலும், பெரு வருவாய் நிலுவை வைப்போரிடமிருந்துதான். மாதந்தோறும் நிலுவையைச் சுழற்றிக்கொண்டே செல்லும் அத்தகையவருக்கு அத்துறையில் 'ரிவால்வர்' என்று பெயராம். நம் காதில் அது துப்பாக்கியாக ஒலிப்பது தற்செயல்தான். பொருத்தமில்லை என்று சொல்வதற்கில்லை.

இந்த வியாபாரத்தின் பழைய கதையும் சுவையானது. 1958ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் 'பாங்க் ஆஃப் அமெரிக்கா' யாரும் கேளாமலே சுமார் 60,000 பேருக்கு அட்டைகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. கேளாமல் அட்டை அனுப்பும் பழக்கத்தை 1970இல்தான் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இன்று தபாலில் அட்டை வராது, விண்ணப்பம் வரும். இத்தனை டாலர் செலவழித்தால் இத்தனை டாலர் அன்பளிப்பு என்று ஆசை காட்டும். அந்த அன்பளிப்புக்காகத் தேவையற்ற பொருளை வாங்குவோர் நம்மவரிலும் இருக்கிறார்கள். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை: அதற்குச் சலுகைக்காலமே கிடையாது, பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஊருக்கு அவசரமாகப் பணம் அனுப்பவேண்டுமென்றாலும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

படிப்பு முடிந்தோ வேலை போயோ தாயகம் திரும்பும்போது, அட்டையின் நிலுவையை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறிவிடும் இளைஞர்களைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். வங்கிக்காரன் கடல் தாண்டி வரவா போகிறான் என்ற துணிச்சல். மய்யித்தைத் தொழவைக்கும் முன்னர் அவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்த செய்தியைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த சமுதாயம் இது. கடன் கொடுத்தவர் யாராயிருப்பினும் கடன் கடன்தான்.

நிற்க. குடும்பப் பத்திரிகை என்பதால் நம் சகோதரிகளுக்குச் சிறப்பாகச் சொல்லவேண்டிய ஒன்றை இதுவரை ஒத்திவைத்திருந்தேன். 'எச்-1பி' விசாவில் செல்லும் கணவரோடு 'எச்-4' விசாவில் செல்லும் மனைவிக்கு, வேலை செய்யும் அனுமதி இல்லாதவரை, 'சோஷியல் செக்யூரிட்டி எண்' கிடைப்பதில்லை. வீட்டு ஒப்பந்தம், மின்சாரம், கார், அட்டை அனைத்தும் கணவர் பெயரிலேயே ஓடும். ஐந்து, பத்து ஆண்டுகள் அந்நாட்டில் குடும்பம் நடத்தி, ஒரு டாலர் வீணாக்காமல் கணக்குப் பார்த்துச் செலவழித்தவர் அந்தச் சகோதரிதான். அந்நாட்டு ஏட்டிலோ அவர் பெயரில் ஒரு வரியும் இருப்பதில்லை.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றபின் கணவர் திடீரென வஃபாத்தானார். இரண்டு பிள்ளைகள். இத்தா முடிந்து, வாடகை குறைந்த சிறிய வீட்டுக்கு மாற முயன்றபோது, அந்தச் சகோதரியின் பெயரில் எந்த வரலாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் ஒரே ஊரில் நாள் தவறாமல் வாடகை கட்டிய குடும்பம்! இறுதியில் பள்ளிவாசல் நிர்வாகிகளில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட பின்னரே வீடு கிடைத்தது. கையெழுத்திட ஒருவர் முன்வந்தார், அல்ஹம்துலில்லாஹ். முன்வராத ஊராயிருந்தால்?

அந்நாட்டுப் பெண்களுக்கும் இந்த இடர்ப்பாடு இருந்ததுதான். கணவருடைய கையெழுத்து இல்லாமல் பெண்ணுக்கு அட்டை கொடுக்க மறுக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. பெண்ணின் பொருள் பெண்ணுக்கே சொந்தம் என்று மார்க்கம் கூறிப் பதினான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆயினும் நம் வீட்டுப் பெண்களின் பெயரை எங்கும் பதியாமல் விட்டுவைப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவரல்லர்.

வழி இல்லாமலில்லை. கணவர் தம் அட்டையில் மனைவியை 'ஆதரைஸ்டு யூசர்' என்னும் பயனாளராகச் சேர்க்கலாம். அவர் பெயரிலேயே ஓர் அட்டை வரும். கடனுக்கான சட்டப் பொறுப்பு பொதுவாகக் கணவருடையதே. வங்கி தகவல் அனுப்பினால் அந்த வரலாறு மனைவியின் ஏட்டிலும் ஏறும். எல்லா வங்கிகளும் ஒரே மாதிரி நடப்பதில்லையாதலால் முன்பே கேட்டறிய வேண்டும். கணவர் பிந்தினால் அந்தக் கறையும் மனைவியின் ஏட்டில் விழக்கூடும் என்பதை மறக்கலாகாது. இரண்டாவது, வருமானவரி அலுவலகம் 1996 முதல் வழங்கிவரும் 'ஐடிஐஎன்' எண். கணவரோடு கூட்டாக வரிக்கணக்கு சமர்ப்பிக்கும்போது 'டபிள்யூ-7' படிவத்தை இணைத்து மனைவிக்கு அதைப் பெறலாம். அந்த எண்ணை ஏற்றுக்கொண்டு அட்டை வழங்கும் வங்கிகள் சில உண்டு. நிரந்தரக் குடியுரிமைக்கான மனு குறிப்பிட்ட கட்டத்தை எட்டிய எச்-1பி பணியாளரின் துணைவருக்கு 2015 முதல் வேலை அனுமதியும் வழங்கப்படுகிறது. அது கிடைத்தால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடைக்கும்.

தங்கை மகள் முதல் வழியில் தொடங்கினாள். ஏட்டில் குறைந்தது ஆறு மாத வரலாறு சேர்ந்த பின்னரே ஃபைக்கோ எண் உருவாகும். ஆறு மாதம் கழித்து அறிக்கையை வரவழைத்துப் பார்த்தால், எக்ஸ்பீரியனில் ஒரு வரி ஏறியிருந்தது. மற்றொரு நிறுவனத்தில் ஒன்றுமே இல்லை. காரணம், நம் பெயர்கள்!

நமக்குக் குடும்பப்பெயர் என்ற ஒன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைப் போட்டு எழுதிப் பழகியவர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் மட்டும் முழுப்பெயரையும் எழுதிவிட்டால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துக்களைப் போட்டுவிடுகிறார்கள். முஹம்மது என்பதை நாமே ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். பீவி, பேகம், பானு என்று சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறோம். ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் பதிந்தால், ஒருவருடைய வரலாறே இரண்டு ஆட்களாகப் பிரிந்துவிடுகிறது. அல்லது, அதே பெயருடைய வேறொருவரின் கடன் நம் தலையில் வந்து அமர்கிறது. பிள்ளைகள் புறப்படுமுன் பாஸ்போர்ட்டில் பெயரைச் சீராக்கிக்கொண்டு, வங்கி, விசா, வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்களையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

தவறு இருந்தால் முறையிடும் உரிமை 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும். அறிக்கையையும் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை. மூன்று நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் 'ஆன்யுவல் கிரெடிட் ரிப்போர்ட்' என்ற இணையதளத்தில் வாரம் ஒரு முறை இலவசமாகவே பார்க்கலாம். 2017இல் ஈக்விஃபாக்ஸில் நடந்த தகவல் திருட்டில் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேருடைய விவரங்கள் பறிபோயின. அதன்பின், 2018 முதல், வேறெவரும் நம் பெயரில் புதுக்கடன் வாங்க முடியாதபடி ஏட்டைப் பூட்டிவைக்கும் வசதியையும் கட்டணமின்றித் தருகிறார்கள்.

தங்கை மகள் பாஸ்போர்ட் பிரதியையும் திருமணச் சான்றிதழையும் இணைத்து எழுதிப் போட்டாள். மூன்றாவது வாரம் பதில் வந்தது. தன் பெயரும் தகப்பன் பெயரும் எழுத்துப் பிசகாமல் அச்சாகியிருந்த அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "ஜமாஅத் கடிதம் வந்துவிட்டது மாமா."